அகராதி அழித்த கேள்வி

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அகராதி என்று கேட்டால் கீழே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரே வெளியே வந்து மாடிப்படியைக் காட்டுவார். இங்கிலீஷில் வரும் கம்பெனிக் காகிதங்களைப் பிரெஞ்சில் மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். பட்டப்பெயர் அதனால் வந்தது என்று அவர் சொல்லுவார். குணத்தாலும் வந்தது என்று தெரு சொல்லும், ஆனால் முகத்துக்கு நேரே சொன்னவள் அவருடைய அக்கா மட்டும்தான்.

"அகராதி புடிச்சவன்னு அடுத்தவங்க திட்டினா மனுஷங்களுக்குக் கோபம் வரும். என் தம்பி அதையே போர்டுல எழுதி வாசல்ல மாட்டிக்கிட்டான்" என்பாள்.

மாட்டிக்கொண்டால் என்ன? மாட்டிக்கொள்ள அவருக்குத் தகுதி இருந்தது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவர், பட்டம் வாங்கியவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலை வாங்கினார் என்றால் அது வாய்ஜாலத்தில் நடக்கிற காரியமில்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு ஆபீசில் காகிதம் சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வெளியிலிருந்து வரும் காகிதம் இங்கிலீஷில் இருக்கும். அந்த நாட்டில் அரசாங்க பாஷை பிரெஞ்சு, அதனால் சுங்க ஆபீஸ் ஜன்னலில் கொடுக்கிற காகிதம் பிரெஞ்சில் இருக்கவேண்டும். இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்திக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஜன்னலில் வரிசை மூன்று மணி நேரம் நகராது. மற்றவர்கள் வரிசையில் நின்று தூங்கினார்கள், ஊர்வம்பு பேசினார்கள். இவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இங்கே இன்வாய்ஸ் என்று இருக்கிற இடத்தில் அங்கே ஃபக்த்யூர் என்று இருந்தது. மறுநாள் காகிதத்திலும் அப்படியே. நூறு காகிதத்திலும் அப்படியே. அப்படியானால் இன்வாய்ஸுக்கு ஃபக்த்யூர். ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை, அடி இல்லை. சட்டை வாங்கினால் உள்ளே வைத்திருப்பார்களே ஒரு அட்டை, அதை நறுக்கி ஒரு பக்கம் இங்கிலீஷும் மறுபக்கம் பிரெஞ்சும் எழுதி வைத்தார். நாலு வருஷத்தில் ஆயிரத்து நூறு அட்டை.

ஒரு குழந்தையைப் பிரெஞ்சில் கொஞ்சச் சொன்னால் அவருக்கு வராது. கடையில் ரொட்டி கேட்கக்கூடக் கையைத்தான் நீட்டுவார். ஆனால் தேய்மானம், பங்கு ஈவு, கையிருப்புச் சரக்கு, வராக்கடன் என்று கம்பெனிக்காரன் வாயில் வரும் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், கேட்டு முடிப்பதற்குள் பிரெஞ்சில் சொல்வார். ஒரு தடவை முதுகலை படித்த ஒருத்தர் வேலை கேட்டு வந்தார். சோதித்துப் பார்க்க அகராதி ஒரு பத்தியைக் கொடுத்தார். அதில் ஓவர்ஹெட் என்று ஒரு சொல். கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை, மின்சாரம் என்று ஆகிக்கொண்டே இருக்கும் செலவுக்கு அந்தப் பெயர். முதுகலைக்காரர் அதைப் பிரெஞ்சில் 'தலைக்கு மேலே' என்று எழுதி நீட்டினார்.

"தலைக்கு மேல என்ன இருக்கு தம்பி? ஃபேன்தான் இருக்கு. அதுவும் சத்தம் போடுது" என்றார் அகராதி.

இந்தக் கதையை அவர் எத்தனை பேரிடம் சொன்னாரோ கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்கிற மாதிரியே சிரிப்பார்.

ஆபீஸ் ஒரே நீள அறை. மூன்று மேஜை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து டயர் கடையின் தகரக் கூரை, மழை பெய்தால் போன் பேச முடியாது. சுவர் ஓரமாக எழுபத்திரண்டு குட்டி இழுப்பறை வைத்த மரப்பெட்டி. கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் கடையை மூடும்போது வாங்கியது. சக்கரமும் முள்ளும் கிடந்த அறைகளில் இப்போது அட்டைகள். அகராதியின் கடையில் சட்டம் இரண்டு. முதலாவது, ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு ஒரு பிரெஞ்சுச் சொல்தான். அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான். இரண்டாவது, வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்கக் கூடாது. எந்தக் காகிதம் வந்தாலும் வாங்கிக்கொள், மாற்று, திருப்பிக் கொடு. இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவனிடமே போய்க் கேட்டால், நமக்குத் தெரியவில்லை என்று நாமே தமுக்கடித்த மாதிரி.

இரண்டாவது சட்டத்தை டீச்சர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்துவிட்டு, தலைமையாசிரியையோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர். கடைக்கு வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. உண்மையைச் சொன்னால் அதற்குப் பிறகு கடையின் பிரெஞ்சு டீச்சருடைய பிரெஞ்சுதான். சொற்கள் அகராதியுடையவை, வாக்கியங்கள் டீச்சருடையவை. சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, என்ன கேட்கவேண்டும் என்று பொடி எழுத்தில் எழுதுவார். காகிதம் அகராதியின் மேஜைக்குப் போகும். அவர் ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, துகளை ஊதிவிட்டு, முத்திரை குத்துவார்.

"டாக்டர்கிட்ட போறோம்னு வைங்க. அவர் நம்மளைப் பார்த்து உங்களுக்கு என்ன வியாதின்னு கேட்டா நமக்கு நம்பிக்கை வருமா டீச்சர்?"

"நல்ல டாக்டர்னா முதல்ல அதைத்தான் சார் கேப்பாரு."

இப்படியே பதினொரு வருஷம் ஓடியது. அவர் எழுதுவார், இவர் அழிப்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு விளையாட்டுப் புத்திகூட வந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதால் விளையாட்டு நடந்தது.

கெட்டுப்போனது ஒரு அட்டையில் ஆரம்பித்தது. ரிடண்டன்ஸி என்று ஒரு சொல் உண்டு. வேலை இல்லை என்று கம்பெனி ஆளைக் குறைப்பது. பிரெஞ்சில் அதற்கு லிசான்ஸிமான், அதாவது வேலையிலிருந்து நீக்குதல். பழைய அட்டையில் அப்படித்தான் இருந்தது. ஒரு ஓட்டல் கம்பெனியின் மேலாளர், "அந்தச் சொல் கடிதத்துல பார்க்கவே அசிங்கமா இருக்கு, கொஞ்சம் மென்மையாப் போடுங்க" என்று கேட்டார். அகராதி யோசித்து, தெபார் வொலோந்தேர் என்று போட்டுக் கொடுத்தார். சொந்த விருப்பத்தில் விலகுதல். மேலாளர் பூரித்துப்போய், "உங்களை மாதிரி சொல்லறிஞ்சவங்க ஊர்ல இல்லை" என்றார். அந்த ஓட்டலில் யாருக்கும் நஷ்டமில்லை, எல்லாரும் அதே கம்பெனியின் வேறு ஓட்டலுக்குப் போனார்கள். பாராட்டின சூட்டில் அகராதி பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுப் புதிய அட்டை எழுதிச் செருகினார். அந்த வாரம் டீச்சர் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் அந்த அட்டை பெட்டிக்குள் போயிருக்காது.

இனி மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்காவின் புருஷன். ஊர் ஓரத்தில் வால்வு செய்யும் தொழிற்சாலையில் இரும்பு கடையும் லேத்து வேலை. அப்பா அம்மா இல்லாத மச்சினனை ஒன்பது வருஷம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். அகராதி கடை வைத்தபோது முதல் மேஜைக்கு இரும்புக் கால் அடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அகராதி அங்கே போகாமல் இருந்ததில்லை. கதவைத் திறந்ததுமே மாமா ஆரம்பிப்பார்.

"வாடா மாப்ள. இந்த வாரம் எத்தனை வார்த்தையைக் கொன்னே?"

"கொல்றது உங்க வேலை மாமா. இரும்பைக் கடைஞ்சு கடைஞ்சு தூளாக்குறீங்க."

"நான் கடைஞ்சா உருண்டையா வரும்டா. நீ கடைஞ்சா யாருக்கும் புரியாம வரும்."

அக்கா சமையலறையிலிருந்தே, "ரெண்டு பேரும் கடைஞ்சது போதும், சாப்பிட வாங்க" என்பாள்.

அந்தத் தொழிற்சாலையை ஒரு இங்கிலீஷ் கம்பெனி வாங்கியது. அந்தக் கம்பெனியின் வேலை தன் கடைக்கு வரவேண்டும் என்று அகராதி மூன்று வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பதினொரு பக்கம் வந்தது. மறுநாள் நாலு மணிக்குள் வேண்டும். தொழிற்சாலையை நிறுத்தி வைக்கிறார்கள், அறுபத்துநாலு பேரைக் குறைக்கிறார்கள். ஏழாம் பக்கத்தில் தொழிலாளிகள் கையெழுத்துப் போடவேண்டிய படிவம்.

எந்தத் தொழிற்சாலை என்று அகராதிக்குப் பார்த்த உடனே தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. கம்பெனி விஷயத்தை வீட்டில் பேசாதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். பெண்டாட்டிக்குக்கூட எந்த வேலை நடக்கிறது என்று தெரியாது. அதில் அவருக்குப் பெருமை உண்டு, பெருமைப்பட்டதில் தப்பும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு டீச்சர் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஏழாம் பக்க ஓரத்தில் வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் பென்சில். 'கம்பெனிதான் ஆளைக் குறைக்கிறது. அட்டையில் உள்ள சொல்லைப் போட்டால் ஆட்கள் தாமாகப் போவதாக ஆகும். கையெழுத்து வாங்கும் படிவம். கேட்டு உறுதி செய்யவும்.'

"அட்டை என்ன சொல்லுது டீச்சர்?"

"அட்டை தப்பு சொல்லுது சார். ஓட்டல் கடிதத்துக்கு அது சரியா இருந்திருக்கலாம். இது சட்டக் காகிதம். பின்னாடி எவனாவது இதை வெச்சு, நீயாத்தானே போனேன்னு கேப்பான்."

"அந்தக் கம்பெனிக்கு இங்கிலீஷ் தெரியாதா? அவன் மூலம் அவன்கிட்ட இருக்கு."

"கையெழுத்துப் போடறவங்ககிட்ட இல்லையே. ஒரு போன் பண்ணிக் கேளுங்க. இல்லன்னா நானே பேசறேன்."

"மூணு வருஷம் காத்துக்கிட்டு முதல் வேலை வந்திருக்கு. முதல் நாளே போன் போட்டு, ஐயா எங்களுக்கு இந்தச் சொல் தெரியலைன்னு சொல்லணும். அதானே?"

டீச்சர் தன் மேஜைக்குப் போய்ப் பேனாக்களை நேராக அடுக்க ஆரம்பித்தார். கோபம் வந்தால் அதுதான் அவர் செய்வது. அகராதி ரப்பரை எடுத்தார். அழுத்தி எழுதியிருந்ததால் இரண்டு தடவை தேய்க்கவேண்டியிருந்தது. மாமாவின் முகம் அப்போது மனதில் வந்ததா என்று பின்னாளில் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டார். வந்தது. வந்தும் தேய்த்தார். மாமா கையெழுத்துப் போடப்போகிற காகிதம் நம் கடையில் தயாராகிறது என்று உள்ளுக்குள் ஒரு நெஞ்சு நிமிர்வுகூட இருந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது காகிதம் போய்ச் சேர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா கேட்டார். "தொழிற்சாலையில என்னமோ நடக்குதுடா. நாலு கம்பெனியோட பழகறவன் நீ. ஏதாச்சும் காதுல விழுந்துச்சா?"

"இல்ல மாமா."

அடுத்த வாரம் அறுபத்துநாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எப்படியும் மூடுகிறார்கள், மரியாதையாக எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போட்டார்கள்.

ஒரு வருஷமும் இரண்டு மாசமும் ஆனது. தொழிற்சாலை புது இயந்திரம் வைத்து மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த நாட்டில் ஒரு விதி இருந்தது. வேலை இல்லை என்று நீக்கப்பட்டவர்களை, இரண்டு வருஷத்துக்குள் வேலை வந்தால் முதலில் கூப்பிட வேண்டும். வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். அறுபத்துநாலு பேரில் ஒருத்தர் பெயரும் இல்லை. தொழிலாளர் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றால், படிவத்தைத் திருப்பிக் காட்டி, "நீங்களாத்தானே போனீங்க" என்றார்கள். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம், ஆதாரம் வேண்டும் என்றார்கள்.

மாமா மாடிப்படி ஏறி வந்தார். கடை திறந்த அன்றைக்கு வந்தவர், அதற்கப்புறம் அன்றைக்குத்தான். மூச்சு வாங்க உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்து இரண்டு பக்கமும் கையால் நீவிவிட்டார்.

"இதைப் பாருடா. எவனோ ஒரு வார்த்தையைப் போட்டு எங்க எல்லாரையும் வெளியில நிறுத்திட்டான்."

ஏழாம் பக்கம். தன் கடைத் தட்டச்சு இயந்திரத்தில் அடித்த எழுத்து. 'a' எழுத்தின் வால் கொஞ்சம் உடைந்திருக்கும், அந்த உடைசலோடு இருந்தது. டீச்சர் எதிர் மேஜையில் தலையைத் தூக்கவில்லை, ஆனால் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"பாக்கறேன் மாமா."

"பாரு. ஒரு வார்த்தைதானேடா. நீ ஒரு லெட்டர் கொடுத்தா ஆபீஸ்ல கேப்பாங்க. பசங்ககிட்ட சொல்லிட்டு வந்துட்டேன், என் மச்சினன்கிட்ட போறேன், இந்த ஊர்ல வார்த்தைக்கு அவன்தான் ராஜான்னு."

மாமா இறங்கிப் போன சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது. டீச்சர் எழுந்து வந்தார்.

"ஒரு கடிதம் போதும் சார். தப்பு எங்க கடையோடதுன்னு எழுதி, இங்கிலீஷ் மூலத்தைக் கூட வெச்சு, கையெழுத்தும் முத்திரையும். அறுபத்துநாலு பேரும் உள்ள போயிடுவாங்க."

"போயிடுவாங்க. அப்புறம் இந்தக் கடைக்கு எவன் வருவான்?"

"அது தெரியாது."

"நாப்பது வருஷம் டீச்சர். வரிசையில நின்னு சேத்தது."

"தெரியும் சார்" என்றார் டீச்சர். அன்றைக்குச் சாயங்காலமே கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதி, தட்டச்சு செய்து, மூலத்தின் நகலையும் சேர்த்து அவர் மேஜையில் வைத்தார். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

அகராதி அதை இழுப்பறையில் வைத்தார். நாளைக்கு ஆகட்டும் என்றார். முதலில் கம்பெனிக்காரனிடம் நயமாகப் பேசிப் பார்ப்போம் என்றார். பேசவில்லை. ஒரு வங்கியின் ஆண்டறிக்கை வந்திருக்கிறது, அது முடியட்டும் என்றார். அதையே சாக்காக வைத்து அந்த மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கும் போகவில்லை. பத்தாவது நாள் மாமா போன் செய்தார்.

"பாத்தியாடா?"

"பாத்தேன் மாமா. கம்பெனி போட்ட வார்த்தை அது. நாம என்ன பண்ண முடியும்?"

"உன்னாலயே முடியாதுன்னா யாராலயும் முடியாது. விடு மாப்ள, மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்றார் மாமா. அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

இருபத்தாறாவது நாள் டீச்சர் தன் மேஜையைக் காலி செய்தார். ஒரு கைப்பை, ஒரு சால்வை, பேனாக்கள். அவ்வளவுதான் சாமான்.

"நான் பசங்க பண்ண தப்பை ரப்பரால அழிச்சதே இல்லை சார். சிவப்புல சுழிச்சு அவங்க கையிலயே திருப்பிக் கொடுப்பேன். இங்க வந்துதான் அழிக்கிறதைப் பாத்துக்கிட்டு உக்கார கத்துக்கிட்டேன்."

"இன்னும் நாலு நாள் இருக்கு டீச்சர்."

"உங்களுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாலு நாளும் அகராதி கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாகவே கழிந்தது.

முப்பத்துமூன்றாவது நாள், பெண்டாட்டி சொன்னாள் என்று சோப்பு வாங்க ஒரு பெரிய கடைக்குப் போனார். வாசலில் காவல் சட்டை போட்ட ஒருத்தர் வருகிறவர்களின் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை இரண்டு பங்கு பெரிசு, கையை மடித்து விட்டிருந்தது. மாமா. முப்பத்தாறு வருஷம் முடியளவு பிசகாமல் இரும்பு கடைந்த கை, ஒரு சின்னப் பெண்ணின் பைக்குள் குச்சியை விட்டுத் துழாவியது. அந்தப் பெண், "சீக்கிரம் பாருங்க பெரியவரே" என்றாள். அகராதி சோப்பு வாங்காமல் திரும்பினார். கடைக்குப் போய் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். முத்திரை ஒரு பக்கமாக விழுந்தது.

தொழிலாளர் ஆபீஸ் ஜன்னலில் இருந்த அம்மாள் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. தெளிவா இருக்கு. மூணு நாள் முன்னாடி வந்திருந்தா அத்தனை பேரும் உள்ள. இப்போ நான் வாங்கினாலும் கோப்புக்குள்ளதான் போகும்."

"மூணு நாள்தானேம்மா."

"எங்களுக்கு மூணு நாளும் மூணு வருஷமும் ஒண்ணுதான் ஐயா."

மேலதிகாரியைப் பார்த்தார். அவருக்கு மேலதிகாரியையும் பார்த்தார். இங்கிலீஷ் கம்பெனிக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் பேசினவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, உங்கள் சேவைக்கு நன்றி, இனிமேல் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்றான். எதைக் காப்பாற்ற ஒரு மாசம் இழுத்தாரோ அதுவும் போயிற்று.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. அக்கா கதவைத் திறந்ததும், "என்னடா, புதன்கிழமையில வந்து நிக்கிற? யாருக்கு என்ன?" என்றாள். மாமா வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அகராதி உட்காரவில்லை. கடிதத்தின் நகலை எடுத்துத் தமிழில் சொன்னார். பென்சிலில் எழுதியிருந்தது, தேய்த்தது, இழுப்பறை, எல்லாம். மாமா பொத்தானைப் போட்டு முடித்தார். மேலேயிருந்து கீழே, ஒவ்வொன்றாக.

அக்காதான் முதலில் பேசினாள். "அன்னிக்கு இங்க உக்காந்து சாப்பிட்டியே. இவர் கேட்டாரே. அப்பவே உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்க்கா."

அவள் உள்ளே போய்விட்டாள்.

"என்கிட்ட சொல்லிட்டே. மத்தவங்களுக்கு?" என்றார் மாமா. "ஞாயித்துக்கிழமை சங்க ஆபீஸ்ல எல்லாரும் கூடுவாங்க. அங்க வந்து சொல்லு."

போனார். ஓடி ஒளிகிற ஆள் இல்லை அவர், அதைச் சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்பது பேர் இருக்கும். சிலர் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். மாமா எழுந்து, "இவர் என் மச்சினன். ஒண்ணு சொல்லணுமாம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அகராதி நின்று சொன்னார். அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போனார், யாரும் எழுந்திருக்கக்கூட இல்லை. முன்வரிசையில் ஒரு வெல்டர் மட்டும் கையைத் தூக்கினார்.

"அந்த டீச்சரம்மா கேக்கச் சொன்னாங்கல்ல. அன்னிக்கே கேட்டிருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"ஒரு போன். அஞ்சு நிமிஷம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒருத்தர் சொன்னார், அகராதியைப் பார்த்துக்கூட அல்ல: "ஒரு வருஷமா என் பொண்டாட்டி கேக்கறா, நல்ல வேலையை எதுக்கு இஷ்டப்பட்டு விட்டேன்னு. நான் விடலைடின்னா நம்ப மாட்டேங்கறா. காகிதத்தைக் காட்டறா. இதை எழுதிக் கொடுப்பீங்களா? அவகிட்ட காட்டணும்."

எழுதிக் கொடுத்தார். ஒருத்தருக்குக் கொடுத்ததும் இன்னொருத்தர் கேட்டார். அங்கேயே உட்கார்ந்து பத்தொன்பது பேருக்கு, 'இவர் தானாக வேலையை விடவில்லை, தவறு என்னுடையது' என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராகப் போனார்கள். எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபோது மாமா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க பஸ்ல போங்க. நான் இவங்களோட நடந்து வரேன்" என்றார்.

நாற்பது வருஷத்தில் மாமா வாயிலிருந்து வந்த முதல் 'நீங்க' அது. கோபத்தில் சொன்ன மாதிரியும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை, கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்போமே, அந்தக் குரல்.

இப்போது அகராதிக்கு எழுபத்திரண்டு. கடை நடக்கிறது, முன் மாதிரி இல்லை. டீச்சர் திரும்பி வரவில்லை. மகள் ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி, விலாசம் கேட்டு எழுதியதற்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பதில் இல்லை. சந்தேகம் வந்தால் அகராதியே வாடிக்கையாளருக்குப் போன் செய்கிறார். "இத்தனை வருஷ அனுபவம், இது தெரியாதா?" என்று அந்தப் பக்கம் கேட்டால், "தெரியலை, சொல்லுங்க" என்கிறார். காது சூடாகத்தான் செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போகிறார். அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள், கூடப்பிறந்தவள் எத்தனை நாள் பேசாமல் இருப்பாள். மாமா கதவைத் திறந்து, "வாங்க" என்கிறார். நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்கிறார். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார். ஊர் விஷயம், மழை விஷயம், முட்டி வலி எல்லாம் பேசுகிறார். ஒரு குறையும் வைப்பதில்லை. ஒருநாள் வாய் தவறியாவது ஒரு 'டா' வந்துவிடாதா என்று அகராதி அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு ஆறிப்போகிறது. "சாப்பிடுங்க" என்கிறார் மாமா.